பன்னிரண்டு அடி கிழக்கே

கல் பொய் சொல்லாது என்பது என் கட்சி. அதனால் அன்று காலை எட்டரை மணிக்கு டேப் இரண்டரை அங்குலம் கூடுதலாகக் காட்டியபோது, மறுமுனையைப் பிடித்திருந்த காவலாளியைத்தான் முறைத்தேன்.

“அண்ணே, ஒழுங்கா பிடிங்க. முனை கல்லோட விளிம்புல உக்காரணும். தொங்கக் கூடாது.”

“விளிம்புலதாம்மா இருக்கு. வேணும்னா வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் பிடித்திருந்தார். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத விஷயம், அடுத்தவர் சரியாக இருப்பது.

நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக யார் வேலி யார் நிலத்துக்குள் எத்தனை அங்குலம் நுழைந்திருக்கிறது என்று சொல்லி, இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்குகிறேன். வாங்குவதைவிடக் கொடுப்பது அதிகம் என்பார் என் புருஷன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் பேச வாய்ப்புக் கிடைக்காததால் வகுப்பில் பேசித் தீர்த்துக்கொள்கிறார்.

அன்றைக்கு நான் அளந்துகொண்டிருந்தது ஒரு பழைய டச்சுத் தேவாலயத்தின் கல்லறைக் கற்களை. தேவாலயம் இப்போது இல்லை. அதை இடித்தபோது தரையில் பதித்திருந்த பதினொரு கற்களை மட்டும் பெயர்த்து, கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் வேறொரு தேவாலயத்தின் மதிலோரம் சாய்த்து வைத்துவிட்டார்கள். பழைய தேவாலயம் நின்ற இடத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏழு மாடிக் கட்டடம் வரப்போகிறது. அனுமதிக்காக அந்த இடத்தின் வரலாறு கேட்டார்கள். நாற்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது, முன் கூடத்தில் பலகையாக வைக்கலாம், கற்களின் அளவையும் சேர்த்துத் தாருங்கள் என்றார்கள். அதற்காகத்தான் டேப்பும் காவலாளியும்.

கையில் ஒரு பழைய பட்டியலின் நகல் இருந்தது. டச்சுக்காரர்கள் போய் இங்கிலீஷ்காரர்கள் வந்த புதிதில், அவர்களுடைய நில அளவையாளர் ஒருவர் டச்சுக் காகிதங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தது. முதல் கல் ஏழு அடி என்றது பட்டியல். என் டேப் ஏழு அடி இரண்டரை அங்குலம் என்றது.

“எழுதினவருக்குக் கண்ணு மங்கல் போல” என்றேன்.

“இல்ல, மழைக்குக் கல்லு வளந்திருக்கும்” என்றார் காவலாளி.

இரண்டாவது கல், பட்டியலில் ஆறு அடி. டேப்பில் ஆறு அடி இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். மூன்றாவது கல் ஐந்து அடி. டேப்பில் ஐந்து அடி, இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நான்காவது கல்லுக்கு நான் போகவில்லை. மூன்று வித்தியாசத்தையும் பட்டியலின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.

அலட்சியமாக அளப்பவன் ஒரு கல்லில் கூட்டுவான், இன்னொன்றில் குறைப்பான். நீளம் ஏற ஏற வித்தியாசமும் அதே விகிதத்தில் ஏறாது. இங்கே நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு மூன்று. அந்த மனிதர் தப்பாக அளக்கவில்லை. அவர் அளக்கவே இல்லை. டச்சுக்காரன் எழுதி வைத்த எண்களை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். டச்சுக்காரன் அளந்தது அவன் ஊர் அடியில். அவன் அடி நம் அடியைவிட நூற்றுக்கு மூன்று நீளம்.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே நான் பாடம் எடுப்பது இதைத்தான். பழைய வரைபடம் என்றால் முதலில் அளவுகோலைப் பார், அது யாருடைய அடி என்று கேள். ஆனால் தேவாலயத்தின் வரைபடமும் இதே இங்கிலீஷ்காரர் எடுத்த பிரதிதான். மூலம் கரையான் தின்று போயிற்று. பிரதியின் மூலையில் ‘அடி’ என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நில அளவையாளர், என் இனம், சரிபார்க்காமல் எழுதுவாரா என்று நம்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் என் மேஜையில் கோட்டை விட்டேன்.

வரைபடத்தில் கிணற்றின் விளிம்பிலிருந்து கிழக்கே நானூறு அடி தள்ளி ஒரு அறை இருக்கிறது. நிலத்துக்குக் கீழே செங்கல் வளைவு போட்டுக் கட்டிய கல்லறை அறை. இருபது அடி அகலம், உள்ளே பத்தடி ஆழம். பணக்காரர்களை அதில் வைத்தார்கள். செத்தவர்களை எழுப்ப வேண்டாம், அந்தப் பட்டையை ஒதுக்கிவிட்டுக் கட்டுவோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் முடிவு செய்தார்கள். கிணறு இன்றும் இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து நானே அளந்து, இரண்டு பக்கமும் மூன்றடி கூடுதலாக விட்டு, சிவப்பு நாடா கட்டிக் கொடுத்தேன். நானூறு அடி. நம் அடியில்.

நானூற்றுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் எவ்வளவு என்று குழந்தைகூடச் சொல்லும். அறை நான் காட்டிய இடத்திலிருந்து பன்னிரண்டு அடி கிழக்கே இருந்தது. சிவப்பு நாடாவுக்கு வெளியே, எல்லோரும் கெட்டித் தரை என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில், பத்தடிக்கு நிலம் உள்ளே பொள்ளல்.

அன்று காலைதான் முதல் தூணுக்குத் துளை போடுகிறார்கள். நாடாவை ஒட்டிக் கிழக்கே, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் ஊரும் ஐம்பது டன் துளையிடும் ரிக் ஏறி நின்றிருக்கும். அதை ஓட்டுவது என் கொழுந்தன்.

டேப்பைச் சுருட்டாமல் அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது முறையும் எடுக்காதபோது அவன் மனைவிக்குப் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. ஆனாலும் அவள் எடுத்தாள்.

“அவன எப்படியாவது பிடி. ரிக்க விட்டு எறங்கச் சொல்லு. உடனே.”

அவள் நிதானமாகச் சொன்னாள்.

“வேலை நேரத்துல அவர் போனைத் தொடுறதில்லக்கா. காலைல போனதும் பெட்டில வெச்சுப் பூட்டிருவாரு. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க.”

ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன். போன வருஷம் வேறொரு இடத்தில் அவன் போட்ட மூன்று தூண்கள் குறியிலிருந்து நாலு அங்குலம் தள்ளியிருந்தன. சரிபார்க்கப் போனவள் நான். ‘இயந்திர இயக்குநர் பணியின்போது கைபேசியில் பேசிக்கொண்டிருந்ததே காரணம்’ என்று பக்கா எழுத்துத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டு ஆள் என்று பார்க்காமல் எழுதினாள் என்று அலுவலகத்தில் மெச்சினார்கள். அவனுக்கு இரண்டு மாதம் வேலை இல்லை. அன்று அவன் பிள்ளைக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் பேசினான் என்று எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. பிற்பாடு தெரிந்ததை எழுதிச் சேர்க்க நான் மெனக்கெடவில்லை. அவன் மனைவி மக்களோடு தனி வீடு பார்த்துப் போனான்.

“என்னக்கா, ஏதாவது ஆபத்தா?” என்றாள் அவள். அவள் குரல் மாறியிருந்தது.

“நான் போய்க்கிட்டே இருக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வண்டியைக் கிளப்பிக்கொண்டே கட்டட இன்ஜினியருக்குப் போட்டேன். அவர் எடுத்தார்.

“சொல்லுங்க மேடம். இன்னைக்கு எந்த அங்குலம்?”

“வேலைய நிறுத்துங்க. நாடா தப்பான இடத்துல இருக்கு. அறை ரிக்குக்குக் கீழ இருக்கு.”

“மேடம், நாடா கட்டினதே நீங்கதான். மண் பரிசோதனைக்குத் துளை போட்டதும் நீங்க காட்டின எடத்துல. இதுவரைக்கும் ரெண்டு தரம் நிறுத்தியாச்சு. ஒரு தரம் வேலிக் கம்பி கோணல்னு, ஒரு தரம் பலகைல எழுத்து தப்புன்னு. இப்பத் துளை எறங்கிக்கிட்டு இருக்கு. நேர்ல வாங்க, பேசலாம்.”

வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. புலி வருது என்று கத்திக் கத்தி நானே என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்து வைத்திருந்தேன்.

அந்தக் கால் மணி நேரத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். ஒரு பேருந்து ஓட்டுநர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். என் தலைக்குள் நான் எழுதிய நாற்பது பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் கட்டினார்கள். தலைமை வணிகர் ஒருவரும் அவர் குடும்பமும் கீழே அடக்கமானார்கள். கொடி மாறியதும் புது ராணுவம் ஜெபத்தை நிறுத்தி, உள்ளே வெடிமருந்து அடுக்கியது. மருந்து ஈரம் பட்டு நமுத்துப் போனதால் கூரையைப் பிரித்தார்கள், சுவரை இடித்துத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றினார்கள். மேலே மண்ணை நிரவிவிட்டார்கள். கீழே அறை இருப்பதை யாரும் அடுத்தவரிடம் சொல்லவில்லை. ஐம்பது வருஷம் கழித்து அங்கே ஒரு நீதிமன்றம் கட்டினார்கள், பிற்பாடு அதையும் இடித்தார்கள்.

நீதிமன்றம் என்ற இடத்துக்கு வந்ததும் வண்டியின் வேகத்தை இன்னும் கூட்டினேன். அந்தக் கட்டடத்தின் தென்மேற்கு மூலை, கட்டி முடித்த மூன்றாம் வருஷம் உள்வாங்கியது. விசாரணை நடத்தி, தலைமைக் கொத்தனாரின் வேலை சரியில்லை என்று முடிவு செய்து அவரை நீக்கினார்கள். நானும் என் அறிக்கையில், பெரிய மனுஷி மாதிரி, ‘தரமற்ற கட்டுமானத்தால்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த மூலை கிணற்றிலிருந்து நானூற்று இருபத்தைந்து அடி. அதை இங்கிலீஷ்காரன் தன் அடியில் தானே அளந்தான், அதில் குழப்பம் இல்லை. என் நாடா நானூற்று இருபத்து மூன்றில் முடிகிறது. நான் ஒதுக்கிய பட்டைக்கு வெளியே அந்த மூலை ஏன் உட்கார்ந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. கொத்தனார் தலையில் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

வாசலில் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ரிக் சத்தம் காதை அடைத்தது. நாடாவைப் பார்த்தபடி, மேற்கு முகமாக நின்றிருந்தது. முன்னால் தண்டு சுழன்றுகொண்டு இறங்கியது. உயரே கூண்டுக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் தண்டின் மேல் திருப்பிக்கொண்டான்.

இன்ஜினியர் குறுக்கே வந்தார். நான் அவரைத் தாண்டித் துளையிலிருந்து வெளியே வந்து குவிந்திருந்த மண்ணில் கையை விட்டேன். ஈர மண்ணோடு மஞ்சள் நிறத்தில் செங்கல் துண்டுகள் வந்தன. விரல் தடிமன்கூட இல்லை. ஒரு பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“பழைய கோர்ட்டு இடிபாடு மேடம்” என்றார் இன்ஜினியர். “இது வரும்னு எதிர்பாத்ததுதான்.”

“கோர்ட்டு முழுக்கக் கருங்கல். ஒரு செங்கல் கிடையாது. இந்த மஞ்சக் கல்லு கப்பல்ல வந்தது. இந்த எடத்துல இத வெச்சுக் கட்டினவங்க டச்சுக்காரங்க மட்டும்தான். இது வளைவோட மேல்தோல். நிறுத்துங்க.”

“அப்ப உங்க வரைபடம்?”

அவர் கேட்டது கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இதற்கு முன்னால் யாரிடமும் சொல்லிப் பழகாத ஒரு வாக்கியத்தை இப்போது சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் எப்படியாவது வேலையை நிறுத்த வழியுண்டா என்று ஒரு விநாடி யோசித்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

கூண்டுக்கு நேர் கீழே போய் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்.

“தப்பு என்னோடது. நான் தப்பா அளந்துட்டேன். பன்னெண்டு அடி.”

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். சட்டென்று விழுந்த அமைதியில் தண்டிலிருந்து மண் உதிர்வதுகூடக் கேட்டது. கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

“என்ன சொன்னீங்க?”

“பன்னெண்டு அடி தப்பு. உனக்குக் கீழ பொள்ளல். எறங்கிடு.”

அவன் இறங்கவில்லை. ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தான். பொய்யா மெய்யா என்று பார்க்கவில்லை. நாலு அங்குலத்துக்கு எழுதிக் கொடுத்தவள் பன்னிரண்டு அடிக்கு என்ன செய்வாள் என்று பார்த்தான் என்றுதான் எனக்குப் பட்டது.

இன்ஜினியருக்கு இப்போது முகம் வெளிறியிருந்தது. ஆறடிக் கம்பி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, ரிக்கின் முன்பக்கத்தில் தரையில் அடிக்க வைத்தார். சம்மட்டி ஐந்தாறு தரம் விழுந்தது. கம்பி மூன்றடி போய் ‘ணங்’ என்று நின்றது. மறுபடி ஓங்கி அடித்தான் ஒருவன். கம்பி அவன் கையைவிட்டு நழுவி உள்ளே போயிற்று. சற்று நேரம் கழித்துக் கீழே எங்கோ போய் விழுந்த சத்தம் வந்தது.

சம்மட்டி அடித்தவன் நுனிக்காலில் பின்னால் நடந்து போனான்.

“எறங்குடா” என்றேன் நான்.

“எறங்கினா?” என்றான் அவன். குரல் சாதாரணமாக இருந்தது. “தண்டு உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. வளைவுல ஓட்டை விழுந்தாச்சு. இப்படியே விட்டா இது தானா சாயும். சாஞ்சா அந்தப் பக்கம் சாயும்.” தலையால் காட்டினான். தெற்கே மதிலுக்கு அப்பால் ஆஸ்பத்திரியின் பழைய வார்டு. ஜன்னலில் துணி காயப் போட்டிருந்தார்கள். “ஆளுங்கள வெளியேத்த எவ்வளவு நேரமாகும்?”

“அரை மணியாவது ஆகும்” என்றார் இன்ஜினியர்.

“அவ்வளவு நேரம் நிக்காது. இப்பவே கொஞ்சம் எறங்குது, உக்காந்திருக்கிற எனக்குத் தெரியுது. எடுத்துர்றேன்.”

எடுப்பது என்றால் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. ரிக்குக்குப் பின்னால், கிழக்கே, துளையிலிருந்து வரும் சேற்றை விடுவதற்கு ஒரு குழி வெட்டியிருந்தார்கள். ரிக்கின் பின்புறத்துக்கும் குழிக்கும் நடுவே பன்னிரண்டு அடிகூட இல்லை. குழியின் கரை முழுக்க ஈரம்.

“பின்னால வேண்டாம், கரை சரியும்” என்றார் இன்ஜினியர். “நின்ன எடத்துலயே திருப்பி வடக்கால எடுத்துரு.”

“திருப்பினா ஒரு பக்கச் சங்கிலில முழு எடையும் ஏறும்” என்றேன். “அந்த எடை வளைவு மேல விழும். நேரா பின்னால எடுக்கணும். அறையோட கிழக்குச் சுவர் கிணத்துல இருந்து நானூத்து முப்பத்து மூணு அடி. சங்கிலியோட முன்நுனி இப்ப நானூத்து இருபத்தஞ்சுல நிக்குது. எட்டடி போனா சுவரைத் தாண்டிரும். ஒன்பதுல நிறுத்தினா நல்லது. பத்துக்கு மேல போனா குழி.”

“நேத்து வரைக்கும் நானூறுன்னு சொன்னதும் நீங்கதான் மேடம்” என்றார் இன்ஜினியர் மெதுவாக. சொன்னதில் தப்பில்லை.

நாங்கள் இரண்டு பேரும் மேலே பார்த்தோம். அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு என்னைக் கேட்டான்.

“ஒன்பது அடி. யாரோட அடி?”

“நம்ம அடி.”

“அளந்ததா, கணக்கா?”

“கணக்குதான்” என்றேன். “ஆனா கோர்ட்டு மூலை உள்வாங்கின எடம் அதோட ஒத்துப் போகுது. நீ நிக்கிறது சரியா அங்கதான்.”

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். “சரி. அந்த ஒன்பதாவது அடி எங்கன்னு போய் நில்லுங்க. நான் கண்ணாடில உங்களத்தான் பாப்பேன். வேற யாரும் கையக் காட்டக் கூடாது.”

என் டேப் தேவாலயத்து மதிலோரம் கிடந்தது. இன்ஜினியர் தன்னுடையதைக் கொடுத்தார். ரிக்கின் பின்நுனியிலிருந்து ஒன்பது அடி அளந்து, காலால் மண்ணில் கோடு கிழித்து, கோட்டுக்குப் பக்கவாட்டில் அவன் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றேன். எனக்குப் பின்னால் சேற்றுக் குழி. தரை மெத்தென்று இருந்தது. என் கணக்கில் நானே ஏறி நிற்பது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் நான் போட்ட கோட்டில் மற்றவர்கள்தான் நின்றார்கள்.

முதலில் தண்டைத் தூக்கினான். அது அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. கடைசித் திருகு வெளியே வந்ததும் உள்ளேயிருந்து கற்கள் பொலபொலவென்று விழும் சத்தம் கேட்டது. ரிக்கின் முகம் ஒரு சாண் கீழே தணிந்தது. கையை மட்டும் ஆட்டினேன், வா, வா என்று.

சங்கிலிகள் நகர்ந்தன. ஓரடி. இரண்டடி. அவன் அவசரப்படவில்லை. நான்காவது அடியில் இடப்பக்கம் சறுக்கியது. மொத்த உருவமும் வார்டு பக்கமாகச் சாய்ந்தது. இன்ஜினியர் என்னவோ கத்தினார். அவன் அவர் பக்கம் திரும்பவில்லை. நான் கையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று மட்டும் தெரிந்தது. ஐந்து. ஆறு. சங்கிலி எதையோ ஏறிக் கடந்த மாதிரி ஒரு உதறல். அது சுவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஏழு. எட்டு. ரிக்கின் பின்புறம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, எண்ணெய்ச் சூடு முகத்தில் அடித்தது. என் குதிகாலுக்குப் பின்னால் கரை மண் குழிக்குள் சரிந்து விழும் ஓசை கேட்டது.

கோட்டைத் தொட்டதும் கையை மூடினேன். நின்றான்.

நின்ற பிறகுதான் முன்னால் நிலம் போயிற்று. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. நடுவில் குழிந்தது, பிறகு அகலமாக உள்ளே இறங்கியது, என் சிவப்பு நாடாவும் ஒரு குச்சியோடு சேர்ந்து உள்ளே போயிற்று. தூசி அடங்கியபோது மஞ்சள் செங்கல் சுவர் ஒன்று சங்கிலியின் முன்நுனிக்கு ஒரு அடி முன்னால் நேராகத் தெரிந்தது. அதன் அந்தப் பக்கம் இருட்டு. இந்தப் பக்கம் கெட்டி மண்ணில் ரிக் நின்றது.

ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். யாரோ சிரித்தார்கள், பயம் தெளிந்தால் வருகிற சிரிப்பு. இன்ஜினியர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கூண்டுக் கதவு திறக்கவில்லை.

ஏணிப்படியில் ஏறினேன். அவன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். இயந்திரம் நின்றுவிட்டது, இரண்டு கையும் கைப்பிடிகளை விடவில்லை. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. முதலில் ஒரு கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

“அன்னைக்கு நாலு அங்குலம் தள்ளித்தான் இருந்துச்சு அண்ணி” என்றான். “அது பொய் இல்ல.”

“இல்ல.”

“இப்ப நீங்க இத எழுதுவீங்களா?”

“எழுதுவேன். யாரு அளந்தாங்கன்னு பேரோட எழுதுவேன்.”

“அது உங்க இஷ்டம்.” அவன் இன்னும் முன்னால் அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “அன்னைக்கு எழுதறதுக்கு முன்னால, யாருகூடடா பேசினேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கணும்” என்றேன்.

மறு கையையும் பிரித்துவிட்டேன். கேட்டிருந்தால், அன்று காலை அவன் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்திருக்காது. நான் கூப்பிட்ட முதல் மணியிலேயே எடுத்திருப்பான்.